கூண்டு தவிர்ப்போம், கூடு தருவோம்

(மகாவீர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இருபத்து நான்காம் தீர்த்தங்கரராகிய பகவான் மகாவீரரின் ஜன்ம கல்யாண நன்னாளில் நாம் கூடியிருக்கிறோம். காலைமுதல் அபிடேகமும் ஆராதனையும் கண்டு மகிழ்ந்தோம். எனக்குமுன் பேசிய அறிஞர் பெருமக்கள் அகிம்சையின் தத்துவப் பெருமையை விரித்துரைத்தனர். நான் எடுத்துக்கொண்ட பொருளோ மிகச் சிறியது. ஆறு பலகைகளால் ஆன ஒரு மரப்பெட்டியைப் பற்றியே பேசப்போகிறேன். பறவைகள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பதற்காக வீட்டுச் சுவரில் நாம் மாட்டிவைக்கும் கூட்டுப் பெட்டி அது. மகாவீரர் விழாவில் மரப்பெட்டிக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். அப்பெட்டியைச் சரியாக அமைத்தால் அது அபயதானமாகும். அறியாமையால் தவறாக அமைத்தால் அதுவே இம்சைக்கு இடமாகும். இந்த வேறுபாட்டை எடுத்துரைப்பதே என் உரையின் நோக்கம்.

அறிந்து செய்யும் கொலையை நம்மவர் செய்வதில்லை. அறியாது நேரும் துன்பமே நாம் அஞ்ச வேண்டியது. சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதையில் கவுந்தியடிகள் கோவலனையும் கண்ணகியையும் மதுரைக்கு அழைத்துச் செல்லும்முன் வழிகளின் இடர்ப்பாட்டை எடுத்துரைக்கிறார். அப்பேச்சில் கள்வரைப் பற்றியோ காட்டு விலங்கைப் பற்றியோ அவர் பெரிதும் கவலைப்படவில்லை. நீர்க்கரை வழியே நடந்தால் நண்டும் நத்தையும் நம் காலடியில் பட்டு வருந்துமே, அத்துயரைத் தாங்க இயலாதே என்றுதான் கவலைப்படுகிறார். நல்ல நோக்கத்தோடு நடப்பவரின் காலும் கவனமில்லையேல் உயிரைத் துன்புறுத்தும் என்பதை அந்த அறச்செல்வி நமக்கு உணர்த்துகிறார். நன்னோக்கத்தோடு நாம் செய்யும் பறவைப் பணிக்கும் இதே கவனம் வேண்டும்.

இழந்த இடம்

வந்தவாசி, ஆரணி, செஞ்சி வட்டாரங்களிலுள்ள நம் ஊர்களின் பழைய வீடுகளைப் பெரியவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். நாட்டு ஓடு வேய்ந்த கூரை, கைமரங்களுக்கும் சுவருக்கும் இடையே கையகல இடைவெளி, விளக்கு மாடம், தாழ்வாரத்தில் மாட்டிய படங்களின் பின்புறம் ஆகிய அனைத்தும் சிட்டுக்குருவியின் இல்லங்களாக இருந்தன. முற்றத்தில் நெல் உலர்த்தினோம், முறத்தில் புடைத்தோம், சிந்திய நொய்யைக் குருவிகள் பொறுக்கின. எவரும் அதைத் தானம் என்று சொல்லவில்லை. வாழ்க்கை முறையே தானமாக அமைந்திருந்தது.

இன்று ஓட்டுக்கூரை போய்க் கான்கிரீட் தளம் வந்துவிட்டது. நம் வசதிக்காக நாம் செய்துகொண்ட மாற்றம் அது, குறை கூறுவதற்கில்லை. ஆனால் சிட்டுக்குருவிக்கு மரங்கொத்தியைப்போல் மரத்தைத் துளைக்கும் அலகு இல்லை. தூக்கணாங்குருவியைப்போல் கிளையில் கூடு தொங்கவிடும் வழக்கமும் அதற்கு இல்லை. ஏற்கெனவே உள்ள பொந்தையும் இடுக்கையும் நம்பி வாழும் உயிர் அது. பொந்து இல்லையேல் முட்டையிட இடமில்லை. 2010ஆம் ஆண்டு முதல் மார்ச் 20ஆம் நாள் உலகச் சிட்டுக்குருவி நாளாகக் கொண்டாடப்படுகிறது. அதைக் கொண்டாடும் அளவுக்கு நாம் அதன் கூட்டை மறந்தோம் என்பதே அதன் பொருள். ஆகவே கூட்டுப் பெட்டி மாட்டுவதைப் பறவைக்கு நாம் வழங்கும் கொடை என்று கருதிப் பெருமை கொள்ளுதல் வேண்டா. நாம் எடுத்துக்கொண்டதைத் திருப்பித் தருகிறோம், அவ்வளவே.

நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகள் வீடுபேற்றுக்கு வழியாவன. அவற்றின் பெரும்பொருள் வேறு. எனினும் முதலில் உள்ளவாறு காணல், பின் முறையாக அறிதல், அதன்பின் வழுவாது நடத்தல் என்னும் அவ்வரிசை சிறு செயல்களுக்கும் வழிகாட்டும். அவ்வரிசையிலேயே என் கருத்துகளைச் சொல்கிறேன்.

முதலாவது: காணுதல்

எந்தப் பறவை நம் வீட்டருகே வாழ்கிறது என்பதை முதலில் பாருங்கள். பாடும் பறவைகள் எல்லாம் பெட்டிக்குள் வருவன அல்ல. கொண்டைக்குருவி செடிப் புதருக்குள் கிண்ணம்போல் கூடு கட்டும். தையல்சிட்டு இலைகளைச் சேர்த்துத் தைக்கும். தேன்சிட்டு கொடி நுனியில் பைபோலத் தொங்கும் கூடு அமைக்கும். குயிலோ கூடே கட்டாமல் காகத்தின் கூட்டில் முட்டையிடும். இவற்றுக்கு நாம் செய்யத்தக்க உதவி, மருதாணி, செம்பருத்தி, நந்தியாவட்டை போன்ற செடிகளை வைத்து வளர்ப்பதும், குஞ்சு இருக்கும் காலத்தில் அவற்றைக் கத்தரிக்காமல் விடுவதுமே ஆகும்.

பெட்டியை ஏற்கும் பறவைகளுள் நம் பகுதியில் முதன்மையானவை மூன்று. ஒன்று, சிட்டுக்குருவி. இரண்டாவது, குண்டுகரிச்சான். கருப்பும் வெள்ளையுமான உடலும் நிமிர்த்திய வாலும் கொண்ட அப்பறவையின் ஆண், இந்தப் பங்குனி சித்திரை விடியல்களில் மாடி விளிம்பிலோ மர உச்சியிலோ அமர்ந்து நெடுநேரம் இனிமையாகப் பாடும். நாம் சுப்ரபாத வேளையில் ஆலயத்துக்குப் புறப்படும்போது கேட்கும் குரல் பெரும்பாலும் அதுவே. மார்ச் முதல் ஜூலை வரை அதன் இனப்பெருக்கக் காலம். நான்கு அல்லது ஐந்து முட்டைகள் இடும். முட்டைகள் வெளிர்நீலப் பச்சை நிறத்தில் பழுப்புப் புள்ளிகளோடு இருக்கும். பெண் பறவை மட்டுமே அடைகாக்கும். மூன்றாவது, மைனா. இதுவும் பொந்தில் வாழ்வதே. பெட்டியின் வாயில் பெரிதாக இருந்தால் சிறு குருவிகளை விரட்டிவிட்டு மைனா குடியேறிவிடும். மைனாவும் உயிரே, அதன்மேல் நமக்குப் பகையில்லை. ஆயினும் இடமிழந்து தவிப்பது குருவியாதலின் குருவிக்கேற்ற அளவில் வாயில் வைத்தல் முறை.

காணும்போது மற்றொன்றையும் காண வேண்டும். விழா நாள்களில் கூண்டுப் பறவைகளை விலைகொடுத்து வாங்கிப் பறக்கவிடுவது ஜீவதயை என்று நாட்டின் பல பகுதிகளில் கருதப்படுகிறது. நாம் தரும் பணம் விடுதலையின் விலை என்று நாம் எண்ணுகிறோம். பறவை பிடிப்பவனுக்கோ அது அடுத்த கண்ணியின் கூலி. நாட்டுப் பறவைகளைப் பிடிப்பதும் விற்பதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றமாகும். அதைவிட மேலாக, உயிரைக் கட்டிவைத்தல் அகிம்சை அணுவிரதத்தின் அதிசாரங்களுள் ஒன்று என்பதை இல்லறத்தார் ஒழுக்கம் கூறும் அருங்கலச்செப்பைப் பயின்றோர் அறிவர். உறுப்பறுத்தல், கட்டுதல், வருத்துதல், மிகுபாரம் ஏற்றுதல், உணவு மறுத்தல் ஆகிய ஐந்தும் விலக்கத்தக்கவை. பத்துப் பறவைகளை விடுவிக்கச் செலவிடும் தொகையில் சில கூட்டுப் பெட்டிகள் செய்துவிடலாம். முன்னது கூண்டு செய்பவனை வாழ்விக்கும். பின்னது கூடு தேடும் உயிரை வாழ்விக்கும்.

இரண்டாவது: அறிதல்

அன்பின் மிகுதியால் செய்யப்பட்டுத் துன்பமாய் முடியும் பெட்டிகள் பல. தகரப் பெட்டி அக்கினி நட்சத்திர வெயிலில் அடுப்பாகிவிடும், உள்ளே இருக்கும் குஞ்சுகள் சிறகு முளைக்காதவை, தப்பிக்க வழியற்றவை. அட்டைப் பெட்டி ஒரு மழைக்கு நைந்து தரையோடு பிய்ந்து விழும். கண்ணைக் கவரும் வண்ணம் தீட்டிய பெட்டியின் உட்புறச் சாயம் குஞ்சின் மென்மையான உடலுக்கு ஆகாது. வாயிலின் கீழே அழகுக்காகக் குச்சி பொருத்தியிருப்பார்கள். குருவிக்கு அது தேவையே இல்லை. காகமும் பிற பகைகளும் அமர்ந்து உள்ளே எட்டிப் பார்ப்பதற்கு அது வசதியாகிவிடும். இவற்றை விற்பவரும் வாங்குபவரும் நல்லெண்ணம் உடையவரே. அறிவு துணைசெய்யாத நல்லெண்ணம் அது.

சிட்டுக்குருவிக்குரிய பெட்டியின் அமைப்பைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

பலகை முக்கால் அங்குலக் கனமாவது இருக்கட்டும். கனமான மரம் வெப்பத்தையும் குளிரையும் தடுக்கும். பெட்டிக்கென்று மரம் வெட்ட வேண்டா. பழைய பெட்டிப் பலகை, வீட்டில் மிஞ்சிய மாம்பலகை, வேப்பம்பலகை போதும். உட்புறத் தரை 6 அங்குலச் சதுரம். உயரம் 9 அல்லது 10 அங்குலம். வட்டமான வாயில் ஒன்றேகால் அங்குலம், அதாவது 32 மில்லிமீட்டர் விட்டம். இந்த அளவே பெட்டியின் உயிர்நிலை. சிட்டுக்குருவி நுழையும், மைனா நுழையாது. வாயிலின் நடுப்புள்ளி தரையிலிருந்து 5 அல்லது 6 அங்குல உயரத்தில் இருக்க வேண்டும். வாயில் தாழ்ந்திருந்தால் காகத்தின் அலகும் பூனையின் கையும் குஞ்சை எட்டிவிடும். குஞ்சுகளும் முந்திக்கொண்டு வந்து விழுந்துவிடும்.

மேற்கூரை முன்புறம் சரிந்து 2 அங்குலம் நீண்டிருக்கட்டும். கூரைக்குச் சற்றுக் கீழே இரு பக்கங்களிலும் காற்றுக்காகக் கால் அங்குலத் துளைகள் இரண்டிரண்டு வேண்டும். அடிப்பலகையின் நான்கு மூலைகளிலும் நீர் வடிய அதே அளவில் துளைகள் இடுங்கள். வாயிலுக்குக் கீழுள்ள உட்புறப் பலகையை இழைக்காமல் சொரசொரப்பாகவே விட்டு, குறுக்கே சில கீறல்களும் இடுங்கள். சிறகு வளர்ந்த குஞ்சு வெளியேறும் நாளில் கால்பற்றி ஏறுவதற்கு அதுவே படி. வழவழப்பான பலகையில் ஏற மாட்டாது அது உள்ளேயே அடைபட்டுவிடக்கூடும். பக்கப் பலகை ஒன்றையோ மேற்கூரையையோ கீல் வைத்துத் திறக்குமாறு செய்து கொக்கி போடுங்கள். திறக்க முடியாத பெட்டியைத் தூய்மை செய்ய முடியாது. தூய்மை செய்ய முடியாத பெட்டியை மாட்டாமலிருப்பதே நன்று.

தச்சரை நாட இயலாதவர் குயவரிடம் சிறிய மண்கலயம் வாங்கிப் பயன்படுத்தலாம். மெருகு பூசாத மண்கலயம் குளிர்ச்சி உடையது. அதன் வாயை மரப்பலகையால் மூடி, அப்பலகையில் ஒன்றேகால் அங்குலத் துளையிட்டு, அடியில் நீர் வடியும் துளையும் அமைத்து, அசையாமல் கட்டிவைக்க வேண்டும். காற்றில் ஆடும் கலயத்தைக் குருவி விரும்புவதில்லை.

குண்டுகரிச்சானுக்கு வாயில் சற்றுப் பெரிதாக வேண்டும். 2 அங்குலத் துளையோ, முகப்பின் மேற்பாதி திறந்த பெட்டியோ அதற்கு ஏற்றது. சிட்டுக்குருவி கூட்டமாக வாழ்வது. ஒரே சுவரில் மூன்று நான்கு பெட்டிகளை அடுத்தடுத்து மாட்டலாம். குண்டுகரிச்சானோ தன் எல்லைக்குள் மற்றோர் இணையைப் பொறுக்காது. ஆதலின் ஒரு தோட்டத்துக்கு ஒரு பெட்டி போதும்.

இனி இடம். தரையிலிருந்து எட்டு முதல் பத்தடி உயரத்தில், சன்ஷேடு எனப்படும் சாளர மேற்றளத்தின் கீழோ இறவாணத்தின் கீழோ மாட்டுங்கள். வாயில் கிழக்கையோ வடக்கையோ நோக்கட்டும். மேற்கு வெயில் வாயிலில் படலாகாது. வடகிழக்குப் பருவமழைச் சாரல் அடிக்கும் இடமாயின் கூரையடி நிழல் மிக இன்றியமையாதது. பூனை ஏறும் மதிலும், தாவும் கிளையும் அருகில் இல்லாதவாறு பார்த்துக்கொள்ளுங்கள். மின்விசிறி சுழலும் கூடத்துக்குள் குருவி வந்து கூடு கட்டும் வழக்கத்தைப் பலர் மங்கலமாகக் கருதி விட்டுவிடுவர். விசிறியில் அடிபட்டு இறந்த குருவியைக் கண்டவர் இந்த அவையிலும் இருக்கக்கூடும். வீட்டின் வெளிச்சுவரில் பெட்டி மாட்டிவிட்டால் அவை உள்ளே வர வேண்டிய தேவை குறையும்.

மரத்தில் வைப்பவர் உயிருள்ள அடிமரத்தில் ஆணி அறைய வேண்டா. மரமும் ஓரறிவுயிர் என்பது நம் ஆகமம். அகன்ற பட்டையாலோ தேங்காய்நார்க் கயிற்றாலோ கட்டி, மரம் பருக்கப் பருக்க ஆண்டுக்கொருமுறை தளர்த்துங்கள்.

பெட்டியால் என்ன பயன் விளைந்துவிடும் என்று ஐயுறுவார்க்கு ஓர் உண்மையைக் கூறுகிறேன். இந்தியப் பெருங்கடலில் உள்ள செஷல்ஸ் தீவுகளில் நம் குண்டுகரிச்சானின் உறவினம் ஒன்று வாழ்கிறது. 1960களின் நடுவில் ஒரே ஒரு தீவில் இருபதுக்கும் குறைவான பறவைகளே எஞ்சியிருந்தன. 1990ஆம் ஆண்டளவில் தொடங்கிய மீட்புப் பணியில் கூட்டுப் பெட்டிகளும் இடம்பெற்றன. நாட்டு மரங்களை மீண்டும் வளர்த்தனர், உணவளித்தனர், பறவைகளைப் பிற தீவுகளிலும் குடியேற்றினர். இன்று பல தீவுகளில் நூற்றுக்கணக்கில் அது வாழ்கிறது. பெட்டி மட்டுமே காப்பாற்றியது என்று நான் சொல்லவில்லை. பெட்டியும் சேர்ந்து காப்பாற்றியது.

மூன்றாவது: ஒழுகுதல்

பெட்டி மாட்டும் நாளில் அறம் முடிந்துவிடுவதில்லை, அன்றுதான் தொடங்குகிறது. சிட்டுக்குருவி நாளுக்கொன்றாக முட்டைகள் இட்டு, ஏறத்தாழ பன்னிரண்டு நாள்கள் அடைகாக்கும். பொரிந்த குஞ்சுகள் இரண்டு வாரமளவில் பறந்துபோகும். மொத்தத்தில் ஏறத்தாழ ஒரு மாதம். அந்த முப்பது நாள்களையும் ஒரு நோன்பாக மேற்கொள்ளுங்கள். பெட்டியைத் திறந்து பார்க்காதிருத்தல், கைபேசியைக் கொண்டு அருகே சென்று படம் எடுக்காதிருத்தல், அச்சுவரில் வெள்ளையடிக்காதிருத்தல், அருகே வெடி வெடிக்காதிருத்தல் ஆகிய நான்குமே நோன்பின் விதிகள். கதிர் மறையும்முன் உணவை முடிக்கும் வழக்கம் உடைய நமக்கு மற்றொன்றும் எளிது. இருட்டிய பின் பெட்டியின் அருகே விளக்கு எரிய விடாதீர்கள். அவற்றுக்கும் அது ஓய்வு வேளை.

கூடு கட்டும் பொருளாக உலர்ந்த புல், தேங்காய்நார், பஞ்சு ஆகியவற்றைத் தோட்டத்தின் ஒரு மூலையில் இட்டுவையுங்கள். நைலான் நூல், பிளாஸ்டிக் இழை ஆகியவை கண்ணில் பட்டால் உடனே அகற்றுங்கள். அவை குஞ்சின் காலில் சுற்றி இறுக்கிக்கொள்ளும். கம்பு, தினை, அரிசி நொய் ஆகியவற்றைத் தூவுங்கள்; பெட்டியின் அடியில் வேண்டா, சற்றுத் தொலைவில் தூவுங்கள்; இரை தேடி வரும் காகம் கூட்டைக் கண்டுகொள்ளும். அகன்ற மண்தட்டில் இரண்டு விரற்கடை ஆழத்துக்கு நீர் வைத்து நாள்தோறும் மாற்றுங்கள். மாற்றாத நீரில் கொசுப்புழு தோன்றும்; பிறகு அதைக் கொட்டுவதும் இம்சையாகும்.

இறகு முளைக்காத குஞ்சு தவறி விழுந்திருந்தால் மெல்ல எடுத்துக் கூட்டிலேயே விடலாம். மனிதன் கை பட்டால் தாய் சேர்க்காது என்னும் நம்பிக்கை பெரும்பாலும் உண்மையன்று. இறகு முளைத்துத் தத்தித் தாவும் குஞ்சாயின் அது பறக்கப் பழகுகிறது. பூனை எட்டாத செடியில் அமர்த்திவிட்டு விலகி நில்லுங்கள். தாய் வரும். அதை வீட்டுக்குள் கொண்டுபோய்க் கூண்டில் வளர்ப்பது அன்பென்று தோன்றும். ஆனால் அது தாயிடமிருந்து பிரிப்பதாகும்.

இரண்டு ஐயங்கள்

நம்மவர் என்னிடம் அடிக்கடி எழுப்பும் ஐயங்கள் இரண்டு. அவை நியாயமானவை, மழுப்பாமல் விடை கூற வேண்டியவை.

முதல் ஐயம்: குருவி தன் குஞ்சுக்குப் புழு பூச்சிகளையே ஊட்டுகிறது; அதற்கு வீடு கொடுத்தால் அக்கொலையில் நமக்கும் பங்கு வாராதா? தானியம் தின்னும் சிட்டுக்குருவியும் தன் இளங்குஞ்சுக்குப் பூச்சிகளைக் கொண்டுவந்து ஊட்டுவது உண்மையே. ஆனால் வினை நம்மைச் சாரும் வழிகள் மூன்று: தான் செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்வதற்கு உடன்பட்டு மகிழ்தல். பறவை தன் இயல்பால் இரை தேடுகிறது. நாம் அதை ஏவவில்லை. அதைக் கண்டு மகிழவும் இல்லை. ஒதுங்க இடம் தந்தோம். முட்டையும் குஞ்சும் அழியாமல் காக்க எண்ணினோம். நம் கருத்து அபயமே. ஓட்டுக்கூரையில் குருவியை வாழவிட்ட நம் முன்னோர் அதனால் விரதம் கெட்டவர் ஆகவில்லை. எனினும் ஓர் எல்லை உண்டு. பறவைக்கு இரையாகப் புழுக்களை விலைக்கு வாங்கி வைக்கும் வழக்கம் சில நாடுகளில் உள்ளது. அது செய்வித்தலாகும், சிராவகர்க்குத் தகாது. பூச்சி மருந்து தெளிக்காத செடி கொடிகளை வளர்த்தால் போதும்; மற்றவை இயற்கையின்பாற்பட்டவை.

இரண்டாம் ஐயம் இன்னும் நுட்பமானது. பழைய கூட்டில் செள்ளும் உண்ணியும் நுண்ணிய பூச்சிகளும் நிறைந்திருக்கும். அவற்றை அகற்றாவிடில் அடுத்துவரும் குஞ்சுகளின் குருதியை அவை உறிஞ்சும். குஞ்சுகள் நலிந்து இறக்கவும் கூடும். அகற்றினாலோ அச்சிற்றுயிர்களுக்குத் தீங்கு. என் செய்வது?

பூச்சிக்கொல்லியையும் பினாயிலையும் கொதிநீரையும் பயன்படுத்துமாறு கூறுவாருண்டு. நமக்கு அவை வேண்டா. நம் அறவோர் கையிலுள்ள மயிற்பீலி இதற்கு வழிகாட்டுகிறது. மயில் தானே உதிர்த்த பீலி அது. அமரும் இடத்தில் ஊரும் உயிரைக் கொல்லாமலும் நசுக்காமலும் மெல்ல ஒதுக்குவதற்கென்றே அதை ஏந்துகின்றனர். ஒதுக்குதல் வேறு, அழித்தல் வேறு. இல்லறத்தார்க்கும் அவ்வழியே வழி.

குஞ்சுகள் பறந்துபோனபின் இரண்டு வாரம் பொறுங்கள். எந்தப் பறவையும் வந்துபோகவில்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். சிட்டுக்குருவி நம் பகுதியில் ஆண்டின் பெரும்பகுதியில் முட்டையிடக்கூடியது. பின் மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு, கையுறை அணிந்து, பழைய கூட்டைக் கலைக்காமல் முழுமையாக எடுங்கள். எரிக்காதீர்கள், குப்பைத் தொட்டியில் இடாதீர்கள். நிழலான செடியடியில், மிதிபடாத இடத்தில் வையுங்கள். அதிலுள்ள உயிர்கள் தம் வழி தேடிக்கொள்ளும். மெல்லிய உலர்ந்த துடைப்பத்தால் பெட்டியின் உட்புறத்தைத் துடைத்தெடுங்கள். இரண்டு நாள் திறந்துவைத்துக் காற்றாட விட்டு, மறுபடி மாட்டுங்கள். பெட்டியில் தேனீயோ குளவியோ குடியேறியிருந்தால் அவை தாமே நீங்கும்வரை அப்பெட்டி அவற்றுக்குரியது. மற்றொரு பெட்டியை வேறிடத்தில் மாட்டிக்கொள்ளலாம்.

இப்பணிக்கு ஏற்ற காலம் ஆவணி, புரட்டாசி. வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முந்திய காலம். நம் தசலட்சண பருவமும் அப்போதே வருகிறது. கூரைப்பலகையில் விரிசல் உண்டா, கொக்கி தளர்ந்ததா, வடிதுளை அடைத்ததா, மாட்டிய ஆணி துருப்பிடித்ததா என்று அன்றே பார்த்துவிடலாம். இவ்வளவு செய்தும் நுண்ணுயிர்க்குச் சிறிது துன்பம் நேரலாம். இல்லறத்தில் முற்றிலும் விலக்க முடியாத ஆரம்ப இம்சை அது. அதைக் கூடியவரை குறைத்து, நேர்ந்ததற்கு மாலையில் பிரதிக்கிரமணம் செய்தல் நம் நெறி.

ஆலயங்களுக்கு ஒரு வேண்டுகோள்

நம் ஜினாலயங்கள் பலவற்றில் திருப்பணி நடைபெற்று வருகிறது. பழைய மதிலின் செங்கல் இடுக்குகளையும் விமானத்தின் பொந்துகளையும் சாந்து பூசி அடைக்கும் முன், ஒவ்வொன்றையும் நின்று பாருங்கள். அலகில் புல்லோடோ இரையோடோ பறவை வந்துபோகும் பொந்து என்றால், உள்ளே முட்டையோ குஞ்சோ இருக்கிறது. ஒரு கரண்டிச் சாந்து அவற்றுக்கு உயிரோடு கட்டிய கல்லறையாகிவிடும். முப்பது நாள் அந்த ஒரு பொந்தை மட்டும் விட்டுவைத்து மற்ற வேலையைத் தொடருமாறு கொத்தனாரிடம் சொல்லுங்கள். பணி நிறைவுற்றபின், அடைபட்ட ஒவ்வொரு பொந்துக்கும் ஈடாக வெளிமதிலில் ஒரு பெட்டி மாட்டுங்கள். பழமையான சிற்பங்களிலும் கற்சுவரிலும் ஆணி அறைய வேண்டா. தோட்டத்து மதிலும் மடைப்பள்ளிப் புறச்சுவரும் போதும். பஞ்சகல்யாண விழாவுக்குச் செய்யும் பெருஞ்செலவில் இது துளியும் ஆகாது.

தில்லியில் செங்கோட்டைக்கு எதிரே உள்ள திகம்பர ஜைன லால் மந்திரில் நம் சமயத்தார் பறவைகளுக்கென்றே மருத்துவமனை நடத்தி வருவதை அறிவீர்கள். அடிபட்ட பறவைக்கு மருந்திடுவது மாபெரும் தொண்டு. நாம் அவ்வளவு பெரிய நிலையத்தை ஊர்தோறும் அமைத்தல் அரிது. அடிபடாமல் வாழ ஓர் இடம் அமைத்துத் தருதல் நம் ஒவ்வொரு வீட்டாலும் இயலும்.

இங்கே அமர்ந்திருக்கும் குழந்தைகளுக்கு ஒரு சொல். நீங்கள் மாட்டிய பெட்டிக்கு முதலாண்டு எந்தக் குருவியும் வாராமல் போகலாம். இரண்டாம் ஆண்டும் வாராமல் போகலாம். சோர்ந்து பெட்டியை இடம் மாற்றிக்கொண்டே இராதீர்கள். பறவை தொலைவிலிருந்து பல நாள் பார்க்கும்; இவ்விடம் நம்பத்தக்கதா என்று ஆராயும். கல்லெறியாத கையும், துரத்தாத காலும், அமைதியான வீடும் அங்கே உள்ளன என்று அது தெளிந்தால்தான் வரும். உங்கள் வீட்டு அகிம்சைக்கு அது தரும் சான்றிதழ் அந்த வருகை. அதனை விலைக்கு வாங்க முடியாது.

அறவோர் பெருமக்களே! வரும் தசலட்சண பருவத்துக்குள் நம் ஒவ்வொரு குடும்பமும் அளவு தவறாத ஒரு பெட்டியேனும் மாட்ட வேண்டும். மாட்டியதைத் தவறாது பேண வேண்டும். பேண இயலாதவர் மாட்ட வேண்டா; ஒரு மருதாணிச் செடியை நட்டு நீர் ஊற்றட்டும்; அதுவும் அறமே. இதனை ஏற்று நடத்த அறக்கட்டளையார் ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன்.

எல்லா உயிரும் இன்புற்று வாழ்க! ஜெய் ஜினேந்திரா!